அக்னஸின் கண்ணாடி பீரோ

அக்னஸுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். காத்திருப்பாள். விழுப்புரத்தில் அவளை அறிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

1993-இல் அவளுக்கு எட்டு வயது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவளுக்கு ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. மூடியில் ஒரு கோட்டை, கோட்டைக்கு முன்னால் இரண்டு குதிரைகள். பிஸ்கட்டை அவள் தெருவுக்கே பங்கு போட்டாள். டின்னை மட்டும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாள். அண்ணன் இருதய அருண் அதை எடுத்து, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, உள்ளே பொன்வண்டு வளர்த்தான். குதிரைகளின் கண்ணில் ஓட்டை! அக்னஸ் அழவில்லை, அம்மாவிடம் சொல்லவுமில்லை. வண்டு முட்டை வைத்து, அவன் அதைத் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரியும்வரை பொறுத்திருந்தாள். ஒரு நாள் காலையில் வண்டு, முட்டை எல்லாவற்றையும் வேலிக்கருவைப் புதரில் கொண்டுபோய் விட்டாள்.

அதற்குப் பிறகு பல வருஷம் அண்ணனும் தங்கையும் சண்டை இல்லாமல்தான் இருந்தார்கள். அருண் மெக்கானிக் வேலை கற்றான். அக்னஸ் பி.காம் படித்தாள். அப்பா பெரியநாயகம் விழுப்புரம் ஜங்ஷனில் டாக்சி ஓட்டினார். ரயிலில் வந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர்களைப் பாண்டிச்சேரிக்கும் கடற்கரை கெஸ்ட் ஹவுஸ்களுக்கும் கொண்டுபோய் விடுவதுதான் அவருக்கு முக்கியமான சவாரி.

2005-இல் ஒரு ஜெர்மன் தம்பதி பின் சீட்டில் ஒரு பொருளை மறந்துவிட்டுப் போனார்கள். அப்பா பாதி வழியில் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு பொம்மையார்பாளையம் வரை போய்க் கொடுத்திருக்கிறார். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் அவளுக்குக் கொடுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

அது ஒரு சினிமா டிஸ்க் வைக்கிற தகர டப்பா. புத்தகம் மாதிரி திறக்கும். மேல்மூடியில் ஒரு ஓநாய். வரைந்தது மட்டுமல்ல, தட்டி மேடாக்கியது. விரலால் தடவினால் அதன் பிடரி மயிர் தட்டுப்படும். திறந்தால் உள்பக்கம் முழுக்கப் பனிக்காடு. அக்னஸ் டிஸ்க்கை மெல்லக் கழற்றினாள். டிஸ்க்குக்கு அடியில், யாருமே பார்க்காத அந்த இடத்தில், பனியில் ஓநாயின் ஒற்றைக் காலடி!

அவ்வளவுதான். ஆள் காலி.

யாரும் பார்க்கமாட்டார்கள் என்று தெரிந்தும் ஒருவன் உட்கார்ந்து அந்தக் காலடியை வரைந்திருக்கிறானே, அந்த நினைப்பே அவளுக்குப் போதுமாக இருந்தது. படம் என்ன படம் என்று அன்றைக்கு அவள் கேட்கவே இல்லை.

படிப்பு முடிந்து மயிலம் பக்கத்தில் ஒரு தனியார் காலேஜ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே இன்டர்நெட் இருந்தது. தன்னை மாதிரியே பைத்தியங்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று அங்கேதான் கண்டுபிடித்தாள். கொரியாவில் மின்ஜி என்று ஒரு பெண், இத்தாலியில் ஒரு பல் டாக்டர், ஜப்பானில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு மாதிரி டப்பா போடுவார்கள். கொஞ்சமாகத்தான் போடுவார்கள், ஒவ்வொன்றிலும் வரிசை எண் அச்சடித்திருக்கும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இவர்களுக்குள் காசுப் புழக்கமே கிடையாது, பண்டமாற்றுதான். அக்னஸ் நம் ஊர் படங்களின் வீசிடி அட்டைகளை, அதுவும் பளீரென்று மஞ்சளும் ரோஸுமாகத் தமிழ் எழுத்து போட்டவற்றை, பார்சல் கட்டி அனுப்புவாள். அவர்கள் கொண்டாடி வாங்கிக்கொண்டு, தங்கள் ஊர் டப்பாவை அனுப்புவார்கள்.

கொரியா டப்பாவை ஆட்டினால் அட்டையில் இருக்கிற பெண் கண்ணைத் திறந்து மூடுவாள். இத்தாலி டப்பா ஜன்னல் கதவு மாதிரி இரண்டு பக்கமும் விரியும். ஜப்பான் டப்பாவைச் சுற்றி இடுப்புத்துணி மாதிரி ஒரு காகிதப் பட்டை. அது கிழிந்தால் டப்பாவுக்கே மதிப்பில்லை. பாதிக்கு மேல் அவள் மேல் உறையைப் பிரித்ததே இல்லை. பிரிக்காத கண்ணாடித்தாள் உறை அப்படியே இருப்பதுதான் இந்தக் கூட்டத்தில் கௌரவம். கையைக் கழுவி, துடைத்து, காய்ந்த பிறகுதான் தொடுவாள். வேறு யாரையும் தொடவிட மாட்டாள்.

அப்பாவுக்கு இதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் மகள் எதை இப்படித் துடைக்கிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் ஓநாய் டப்பாவைக் கேட்டு வாங்கி, துண்டில் சுற்றி, ஆசாரியிடம் கொண்டுபோய் அளவு காட்டி, ஒரு கண்ணாடி பீரோ செய்துகொண்டு வந்தார். ஒவ்வொரு தட்டும் டப்பா நிற்கிற உயரத்துக்குச் சரியாக இருந்தது. அடுத்த வருஷம், 2009-இல், மாரடைப்பு. அப்பா போய்விட்டார். பீரோ ஹாலில் நின்றது.

அருண் திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டான். கல்யாணமும் ஆயிற்று. பெண்டாட்டி பிரின்சி முகையூர்க்காரி. விழுப்புரம் வரும்போதெல்லாம் அருண் பீரோவைச் சுற்றிச் சுற்றி வருவான்.

"கடைக்கு இது இருந்தா இன்னா லுக்கா இருக்கும் தெரியுமா அக்னஸு? உன் டப்பாங்கள பரண்ல போட்டுக்கோயேன்."

"முடியாதுண்ணா."

"தகர டப்பாடி."

"முடியாதுன்னு சொல்லிட்டேன்ல."

அவனும் விட்டுவிட்டான் என்றுதான் அக்னஸ் நினைத்தாள்.

2013 செப்டம்பர். அக்னஸும் அம்மா அருள்ராணியும் ஊர்ச் சனத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்து போனார்கள். வீட்டுச் சாவி அருணிடம். திரும்பி வந்து, கொப்புளம் வெடித்த காலோடு வாசற்படி ஏறியவள் ஹாலில் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் பீரோ இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது. கட்டில் மேல் ஒரு கறுப்பு ஜிப் பை. நாற்காலியில் அருண் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"பீரோ எங்கண்ணா?"

"கடைக்கு எடுத்துக்கினு போய்ட்டேன். பதறாத, உன் படத்துல ஒண்ணுகூட தொலையல. எல்லா டிஸ்க்கையும் எடுத்து இந்தப் பையில அடுக்கிட்டேன் பாரு. நானும் உங்க அண்ணியும் ஒக்காந்து பிரிச்சோம். அந்தக் கண்ணாடித்தாள பிரிக்கறதுக்குள்ள பேஜாரு புடிச்சிடிச்சு. கத்தியப் போட்டுத்தான் கிழிச்சோம்."

"கிழிச்சியா?"

"பின்ன? வாங்கி பிரிக்காமயே வச்சிருக்க."

"டப்பாலாம் எங்க?"

"தகரத்தயெல்லாம் சின்னபொண்ணு கடையில போட்டேன். அட்டைலாம் வெந்நீர் அடுப்புல போச்சு. செம்மயா எரிஞ்சிது." அவன் உண்மையிலேயே நல்ல காரியம் செய்துவிட்ட முகத்தோடு அவளைப் பார்த்தான். "டிஸ்க் பத்திரமா இருக்குல்ல? டப்பாவத்தான போட்டேன்."

அக்னஸ் பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கொப்புளக் காலில் செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே கேட் பக்கம் இருக்கிற சின்னபொண்ணுவின் பழைய இரும்புக் கடைக்கு ஓடினாள். சின்னபொண்ணு தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"அதுவா? உங்கண்ணன் கொண்டாந்து போட்டுச்சே. நசுக்கி லாரி ஏத்தியாச்சும்மா. இந்நேரம் உருக்கியே இருப்பானுங்க." அக்னஸின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள நகை கிகை வச்சிருந்தியா?"

"இல்லக்கா."

"பின்ன இன்னாத்துக்கு இப்டி நடுங்குற?"

அந்த ஓநாயை நசுக்கும்போது காலடி எந்தப் பக்கம் மடங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

இதுகூட ஆறியிருக்கலாம். ஆறாமல் செய்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து எல்லோரும் விழுப்புரம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அருண் கறியைக் கடித்துக்கொண்டே, "எத்தயாச்சும் ஒரு டிஸ்க்க போடு, எல்லாரும் படம் பாக்கலாம்" என்றான்.

"ஓடாது" என்றாள் அக்னஸ்.

"இன்னாது?"

"வேற நாட்டு டிஸ்க்கு. நம்ம பொட்டியில ஓடாது."

அருண் சிரிக்க ஆரம்பித்தான். புரையேறும் அளவுக்குச் சிரித்தான். "யம்மா, கேட்டியா? ஓடாத படத்த வாங்கி, பிரிக்காத டப்பாவுல வச்சி, தொடக்கூடாதுன்னு பூட்டி வச்சிருந்துக்கீறா! இதுக்குத்தான் கல்யாணம் வேணாம்னு சொல்லிக்கினு இருந்தியா?" பிரின்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அதுதான் வலித்தது. அம்மாவும்!

"டப்பா அக்னஸு" என்றான் அருண். அன்றிலிருந்து அதுவே பேராகிவிட்டது.

அக்னஸ் எழுந்து கை கழுவினாள். அவளுக்குப் பீரோகூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவனே, அவன் வாயாலேயே, தான் செய்தது என்ன என்று சொல்ல வேண்டும். அதுவும் இதே ஆட்களுக்கு முன்னால். அதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்று அந்தத் தண்ணீர்க் குழாயடியில் முடிவு செய்தாள்.

சொல்ல வைப்பது எப்படி? அது அப்போது தெரியவில்லை. தெரியும்வரை காத்திருக்க அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமைகளில் திண்டிவனம் போய்க் கடையில் உட்கார ஆரம்பித்தாள். அருணுக்கு ஆச்சரியம். "மனசு ஆறிடுச்சு போல" என்று பிரின்சியிடம் சொன்னான். அக்னஸ் காதுபடவே சொன்னான். கடையில் அப்பா செய்த பீரோ நின்றது. ஓநாய் நின்ற தட்டில் பிஸ்டன் கிட் அட்டைப் பெட்டிகள். பல் டாக்டர் அனுப்பியது நின்ற இடத்தில் பிரேக் ஷூ. அவள் பார்த்துக்கொண்டே பில் போட்டாள்.

ஒரு சனிக்கிழமை மெக்கானிக் முருகையன் வந்து க்ளட்ச் ப்ளேட் கேட்டார். அட்டை இல்லாமல் தனியாகக் கிடந்த ஒரு செட்டைக் காட்டி, "இது ஆவாதா?" என்றார்.

"அத்த எடுக்காதண்ணே" என்றான் அருண். "அட்ட கிழிஞ்சி போச்சு. எந்த வண்டிதுன்னு தெரில. பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும், ஒரு நூல் வித்தியாசத்துல மாட்டாது. நம்பரு அட்டையிலதான கீது. டப்பா இல்லன்னா சாமான் செத்துப் போச்சுண்ணே." தூக்கி மூலையில் எறிந்தான்.

பில் புத்தகத்தில் குனிந்திருந்த அக்னஸ் நிமிரவில்லை. நிமிர்ந்தால் முகம் காட்டிக் கொடுத்துவிடும். அவளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம்! அண்ணனே வழி சொல்லிக் கொடுத்துவிட்டான்.

நவம்பரில் முகையூரில் பிரின்சியின் தம்பிக்குக் கல்யாணம். கடையை மூட அருணுக்கு மனசில்லை, வெள்ளிக்கிழமை சரக்கு வருகிறது.

"நீங்கல்லாம் போங்க, நான் கடைய பாத்துக்கறேன்" என்றாள் அக்னஸ்.

"கல்யாணத்துக்கு வராம இருந்தா எங்க சனம் இன்னா சொல்லும்?" என்றாள் பிரின்சி.

"டப்பாவ தொடைச்சிக்கினு இருக்கான்னு சொல்லுங்கண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். அருண் சாவிக்கொத்தைத் தூக்கிப் போட்டான். அவள் பிடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவர்கள் பஸ் ஏறியதும் அக்னஸ் கைகளைக் கழுவினாள், துடைத்தாள், காயவிட்டாள். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஆரம்பித்தாள். ஒவ்வொரு அட்டையாகத் திறந்து உள்ளே இருப்பதை வெளியே எடுத்தாள். கண்ணாடித்தாள் சுற்றியதைக் கத்தியால் கிழித்தாள். பிஸ்டன், ரிங், பிரேக் ஷூ, க்ளட்ச் ப்ளேட், கேஸ்கட், கேபிள், கார்புரேட்டர் ஜெட். எதிலும் ஒரு கீறல் விழவில்லை. துணியால் துடைத்துத் துடைத்துப் பீரோவுக்குள் அடுக்கினாள். எந்த வண்டி, எந்த மாடல் என்று பார்த்து அல்ல. அழகு பார்த்து! சின்னதிலிருந்து பெரிதாகப் பிஸ்டன்கள் ஒரு தட்டில். அதற்குக் கீழே பிரேக் ஷூக்கள் பிறை பிறையாக. க்ளட்ச் ப்ளேட்டுகளை அடை அடுக்கின மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக. மறுநாள் சனிக்கிழமை முழுக்கவும் இதே வேலை. கை வலித்தபோதெல்லாம் அந்தச் சாப்பாட்டுச் சிரிப்பை நினைத்துக்கொண்டாள், வலி போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்னஸ் போன் போட்டு வரச் சொன்னாள், சின்னபொண்ணு விழுப்புரத்திலிருந்து லோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். மூட்டை மூட்டையாகக் கட்டி வைத்திருந்த காலி அட்டைகளைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"இன்னாம்மா உங்க குடும்பமே ஒருத்தர் டப்பாவ ஒருத்தர் தள்ளிக்கினு இருக்கீங்க? உங்கண்ணனுக்குத் தெரியுமா?"

"சாயங்காலம் தெரியும். லாரி எப்பக்கா?"

"இன்னிக்கு ஏழு மணிக்கு."

"அதுவரைக்கும் நசுக்காம வையிக்கா. ஏழு மணிக்குள்ள நான் போன் பண்ணலன்னா ஏத்திடு."

சின்னபொண்ணு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கு நடுங்கிக்கினு வந்த பொண்ணா நீ?"

நாலரை மணிக்கு முகையூரிலிருந்து எல்லோரும் வந்து இறங்கினார்கள். அருண், வாடிப்போன பூ வாசனையோடு பிரின்சி, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையோடு அம்மா. அவர்களுக்கு முன்பே முருகையன் வந்து வாசலில் நின்றிருந்தார். "ஷெட்டுல வண்டி பிரிஞ்சி கிடக்குது அருணு, ஜல்தியா ஒரு க்ளட்ச் ப்ளேட் குடு" என்றார்.

அருண் உள்ளே வந்தான். பீரோவைப் பார்த்தான். வெறும் இரும்பு, கண்ணாடிக்குப் பின்னால், திருவிழாக் கடை மாதிரி மின்னியது. சுவரைப் பார்த்தான். அலமாரித் தட்டுகள் எல்லாம் காலி.

"அட்டைலாம் எங்க?"

அக்னஸ் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"பதறாதண்ணா. சாமான்ல ஒண்ணுகூட தொலையல. எல்லாம் பத்திரமா இருக்குது. டப்பாவத்தான போட்டேன்."

அருண் ஒரு பிஸ்டனை எடுத்தான். திருப்பினான். இன்னொன்றை எடுத்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். முருகையன் எட்டிப் பார்த்துவிட்டு, "கடவுளே" என்றார். அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க வெளியே திரும்பிக்கொண்டார்.

"எது எந்த வண்டின்னு எப்டிடி கண்டுபுடிப்பேன்?"

"எனக்கு எப்டி தெரியும்? பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்குது."

"பைத்தியமா நீ? பொழப்புடி இது! போலீசுக்குப் போவேன்."

"போயேன். தங்கச்சி டப்பாவ போட்டுட்டான்னு சொல்லு. நல்லா சிரிப்பாங்க. புரையேற சிரிப்பாங்க."

அம்மா தாம்பூலப் பையைக் கீழே வைத்தாள். "ஏண்டி, அண்ணன் வயித்துல அடிக்கிறியே, தகர டப்பாவுக்காடி இவ்ளோ ஆத்திரம்?"

"தகர டப்பாவுக்கு இல்லம்மா." அக்னஸின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "இவன் கத்தியப் போட்டுக் கிழிச்சான். அடுப்புல எரிச்சான். செம்மயா எரிஞ்சிதுன்னு எங்கிட்டயே சொன்னான். நீ சிரிச்சம்மா. அப்பா ஒருத்தருதான் சிரிக்கல. அளவெடுத்துக்கினு போனாரு. அவரு அளவெடுத்தத இவன் இங்க தூக்கினு வந்து வச்சிக்கினு இருக்கான்."

அம்மா பீரோவைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்னஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். "அட்டைலாம் ஒரு எடத்துல இருக்குது. ஏழு மணிக்கு லாரி ஏறிடும். நீ பண்ணது இன்னான்னு உன் வாயால சொல்லு. எடத்த சொல்றேன்."

"சரிடி, தப்புதான். போதுமா?"

"எது தப்பு?"

"பீரோவ கேக்காம எடுத்தது."

"அது இல்ல."

"அந்த... டப்பாவ போட்டது."

"அதுவும் இல்ல."

"வேற இன்னாடி வேணும் உனக்கு?" என்று கத்தினான். அவள் டீயை ஒரு வாய் குடித்தாள். கடிகாரம் ஐந்தரையைத் தாண்டியது. வெளியே முருகையன் பீடி பற்றவைத்தார். பிரின்சி முதலில் முறைத்துக்கொண்டிருந்தாள், பிறகு புருஷனின் தோளைத் தொட்டு, "சொல்லிடுங்க, லாரி போயிடும்" என்றாள்.

அருண் கையிலிருந்த பிஸ்டனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். எந்த வண்டியினுடையதோ. இரண்டு வருஷமாக ஒவ்வொரு அட்டையாகச் சேர்த்த கடை. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உன் டப்பா உனக்கு இன்னான்னு நான் கேக்கல" என்றான். குரலில் கத்தல் இல்லை. "ஒண்ணுமில்லன்னு நானே முடிவு பண்ணிக்கினேன். அப்புறம் சிரிச்சேன்."

அக்னஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலை குனிந்திருந்தாள். பிரின்சியைப் பார்த்தாள். அவளும்.

"சின்னபொண்ணு கடை" என்றாள் அக்னஸ். "நசுக்கல. ஓடு."

அவன் முருகையனின் பைக்கில் ஏறிப் பறந்தான். மழை தூற ஆரம்பித்திருந்தது. அக்னஸ் சின்னபொண்ணுவுக்குப் போன் செய்து நிறுத்தி வைக்கச் சொன்னாள். அவனுக்குக் கடைசி மூட்டை வரை கிடைத்தது என்னவோ உண்மைதான். ஆனால் காலி அட்டையும் வெறும் இரும்பும் தனித்தனியாகக் கிடந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கிறிஸ்துமஸ் தாண்டியும் அவனும் முருகையனும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து அளந்து போட்டார்கள். அப்படியும் சில பிரேக் ஷூக்களுக்கு வீடு கிடைக்கவே இல்லை.

நியாயமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அக்னஸ் அந்த வாரம் முழுக்க நன்றாகச் சாப்பிட்டாள். காலேஜ் ஆபீசில் பாட்டு முணுமுணுத்தாள். அவளுடைய ஓநாய் திரும்பி வராது, அவனுடைய அட்டைகள் திரும்பி வந்துவிட்டன. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை என்பதையும் அவள் மறக்கவில்லை.

ஜனவரியில் அருணே பீரோவை வண்டியில் ஏற்றி விழுப்புரம் கொண்டுவந்தான். கண்ணாடிக் கதவுகளைத் தனியாகக் கழற்றிப் போர்வை சுற்றியிருந்தான். சுவரோரமாக, பழைய இடத்தில் வைக்கப் போனான்.

"அங்க இல்ல" என்றாள் அக்னஸ். எதிர்ச் சுவரைக் காட்டினாள். அருண் வந்தால் எப்போதும் உட்காருகிற நாற்காலிக்கு நேர் எதிரே.

வைத்தான். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். "இதுல இன்னா வைக்கப் போற?"

"ஒண்ணும் வைக்கல."

நிஜமாகவே வைக்கவில்லை. நடந்ததைக் கேட்டு மின்ஜி அழுது மெயில் போட்டாள். புதுசாக இரண்டு அனுப்பினாள். இத்தாலியிலிருந்தும் ஒன்று வந்தது. அவற்றையெல்லாம் அக்னஸ் தன் அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். ஹாலில் கண்ணாடி பீரோவைத் தினமும் துடைத்தாள். தட்டுகள் ஐந்தும் வெறுமை. கண்ணாடி அவ்வளவு சுத்தம்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசை முடிந்து அருண் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே அந்த வெறுமையைப் பார்த்துக்கொண்டு காபி குடிப்பான். ஒரு முறை அவன் நாற்காலியை நகர்த்திச் சமையலறைப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் வந்தபோது நாற்காலி பழையபடி பீரோவைப் பார்த்து இருந்தது. அக்னஸ் காபியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒக்காருண்ணா" என்றாள்.